துண்டுத் துணியில் ஒரு பிள்ளைப் போர்வை

மழை ஓய்ந்து வாடைக்காற்று வீசத் தொடங்கினால், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இரவு முழுவதும் இருமல் சத்தம்தான். பகல் வெயிலை மட்டும் பார்த்துவிட்டு "எங்கட ஊருக்குப் போர்வை என்னத்துக்கு?" என்று கேட்பவர்கள், மார்கழி மாதத்தில் ஒரு விடியப்புறம் தகரக் கூரையின் கீழ்ப் படுத்துப் பார்க்க வேண்டும். பகலில் எரிக்கும் அதே தகரம் விடியப்புறம் பனியைக் கீழே இறக்கும். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கடைகளில் தொங்கும் பூப்போட்ட போர்வைகள் பெரும்பாலும் பொலியெஸ்ரர். தொட்டால் மெத்தென்று இருக்கும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பிள்ளை நடுச்சாமத்தில் வியர்த்து உதைத்துத் தள்ளிவிடும். விடியப்புறம் குளிரில் சுருண்டு கிடக்கும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விலையைப் பற்றியும் நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே சகோதரிகளே, வீட்டில் கிடக்கும் பழைய பருத்தித் துணியில் ஒரு பிள்ளைப் போர்வை தைப்பது எப்படி என்று இம்முறை எழுதலாம் என நினைத்தேன். ஒட்டுப் போர்வை என்று சிலர் சொல்வார்கள். எங்கள் வகுப்பில் துண்டுப் போர்வை என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

நான் தையல் சொல்லிக்கொடுப்பவள். இடம்பெயர்வதற்கு முன்னரும் அதுதான் தொழில். மீளக்குடியேறிய பிறகும் அதுதான். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் மாதர் சங்கக் கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அதில் மெசின் வைத்திருப்பவர்கள் நாலு பேர். மற்றவர்கள் கைத்தையல்தான். எங்கள் முதலாவது போர்வை மெசினே இல்லாமல் தைத்து முடிந்தது. ஆகவே, "என்னட்டை மெசின் இல்லையே" என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

தையலைப் பொறுத்தவரை இதைவிடச் சுலபமான வேலை இல்லை. நேர்கோட்டில் நூலோடத் தெரிந்தால் போதும். வளைவு இல்லை, கழுத்து வெட்டும் கணக்கு இல்லை, பொத்தான் துளை இல்லை. ஆனால் இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்ததில் நான் கண்டது ஒன்று: இந்த வேலையில் நேரத்தை எடுப்பது தையல் அல்ல. எந்தத் துணியை வெட்டுவது என்ற யோசனைதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

துணி பார்ப்பது

வேண்டியது ஒரு பழைய பருத்திச் சேலையும், ஏழு அங்குலச் சதுரமாக 48 துணித்துண்டுகளும். துண்டுகள் மேற்பக்கத்துக்கு, சேலை உள்ளுக்கும் அடிப்பக்கத்துக்கும். தைத்து முடிந்தால் 36 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் வரும். ஒரு வயது தாண்டிய பிள்ளையிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளை வரை தாராளமாகப் போர்க்கலாம்.

ஆண்களின் சேட் ஒன்றின் முதுகுப் பக்கத்திலேயே ஏழு எட்டுத் துண்டு வரும். குட்டையாகிப்போன பிள்ளைச் சட்டையில் மூன்று நாலு வரும். மருதமுனைக் கைத்தறிச் சாரம் இருந்தால் விடாதீர்கள். அது நைந்து கிழிந்தாலும் ஓரங்களில் நல்ல துணி மிஞ்சியிருக்கும். பள்ளிக்கூடச் சீருடையின் வெள்ளையும் நல்லது. எல்லாத் துண்டும் பூப்போட்டதாக இருந்தால் கண் குழம்பும். இடையிடையே வெள்ளை வந்தால் மற்ற நிறங்கள் எடுப்பாகத் தெரியும். முழங்கை, கொலர், இருக்கும் இடம் என்று தேய்ந்த பகுதிகளை விட்டுவிடுங்கள். துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். இழை விலகி மறுபக்கம் தெரிந்தால் அந்த இடம் நாலு தோய்ப்புக்குத் தாங்காது.

இழுத்தால் நீளும் துணி வேண்டாம். பனியன், ரீசேட் வகைகள் தைக்கும்போதே கோணும். ஒரு மூலை கோணினால் அந்த வரிசை முழுவதும் கோணும். பருத்தியா, பொலியெஸ்ரரா என்று சந்தேகம் இருந்தால் நாலைந்து இழை உருவி, குறட்டால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி கடதாசி போல எரிந்து, கடதாசி எரியும் மணத்தோடு மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகிவிடும். உருகியது தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பருத்தியும் சுலபமாக நெருப்புப் பிடிக்கும் என்பதால், விளக்குக்கும் நுளம்புத்திரிக்கும் பக்கத்தில் எந்தப் போர்வையும் கூடாது.

புதுத்துணி சேர்ப்பதென்றால் வெட்டுவதற்கு முன் தோய்த்துக் காயவிடுங்கள். பருத்தி முதல் தோய்ப்பில் சுருங்கும். பழைய துணிக்கு நடுவே புதுத்துணி சுருங்கினால் போர்வை அங்கங்கே இழுத்துக்கொண்டு நிற்கும். சிவப்பு, கறுப்பு, கடும் நீலத் துணிகளை ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்து இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் பயமில்லை.

பெட்டிக்குள் இருக்கும் துணி

இனி, எழுதுவதற்குக் கொஞ்சம் தயங்கிய விடயம்.

எங்கள் வீடுகளில் எல்லாப் பழைய துணியும் ஒன்றல்ல. 2009இல் கையில் கிடைத்த ஒரு பையோடு வந்தவர்கள் நாங்கள். அந்தப் பைக்குள் கிடந்த ஒரு சேட், ஒரு சாரம், ஒரு சின்னச் சட்டை செட்டிகுளம் முகாமுக்கும் வந்து, ஊருக்கும் திரும்பி வந்து, றங்குப்பெட்டியின் அடியில் வேப்பிலையோடு கிடக்கிறது. அன்று இடுப்பில் தூக்கி வந்த பெண்பிள்ளை இன்று தாய். அவளுடைய பிள்ளைக்குப் போர்வை தைக்கவென்று பெட்டியைத் திறந்தால் கை முதலில் போவது அந்தத் துணிக்குத்தான்.

எங்கள் வகுப்பில் ஒரு தங்கை இருக்கிறார். கணவர் செல்லடியில் இறந்து, பங்கருக்குப் பக்கத்திலேயே புதைத்துவிட்டு வந்தவர். அவர் கணவரின் இரண்டு சாரங்களைக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை கதைக்காமல் மூட்டைப் பிரித்து, அட்டையை வைத்து வெட்டத் தொடங்கினார். "பெட்டிக்குள்ள கிடந்து பூச்சி அரிக்கிறதிலும் பார்க்க மகளின்ரை பிள்ளை போர்க்கட்டும், அக்கா" என்றார். நீலக் கட்டம் போட்ட பதினாறு துண்டுகள் அந்தப் போர்வையின் நடுவில் இருக்கின்றன. இறந்தவரின் உடுப்பைப் பிள்ளைக்குப் போர்க்கக்கூடாது என்று வீட்டில் மூத்தவர்கள் சொல்வதும் உண்டு. இன்னொருவருக்கு மாமியார் சம்மதிக்கவில்லை. அவர் அந்தச் சேட்டில் தனக்கு ஒரு தலையணை உறை தைத்துக்கொண்டார். பேரப்பிள்ளைக்கு வேறு துணியில் தைத்தார். இரண்டும் சரிதான்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஓர் ஆற்று வளைவுக்குள் ஜீஸ் பென்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் சந்ததியினர் வாழும் ஊர். காற்றுப் புகும் வீடுகளில் பிள்ளைகளைக் குளிரிலிருந்து காக்கவே அங்குள்ள பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் துண்டுப் போர்வை தைத்தார்கள். அவர்களில் மிசூரி பெற்வே என்பவர் 1942இல், கணவர் இறந்த பிறகு, அவர் வயலுக்கு உடுத்த வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுப்பதற்காக என்று தாய் சொன்னதை மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹியூஸ்ரன் நகர அரும்பொருளகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன; 2006இல் அமெரிக்க முத்திரைகளிலும் வந்தன. தைத்தபோது அரும்பொருளகத்தை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் மிசூரிக்குக் கணவர் இறந்தது தெரியும். எங்களில் எத்தனை பேருக்கு அது தெரியாது?

இன்னொரு அக்கா. மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் போய் அமர்ந்தவர்களில் ஒருவர். அவரும் ஒரு செவ்வாய்க்கிழமை மகனின் சேட்டைக் கொண்டுவந்தார். மேசையில் விரித்து, நீவி, அட்டையை வைத்துப் பென்சிலால் கோடும் போட்டுவிட்டார். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அவன் வந்து என்ரை சேட் எங்கை எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?" என்றார். யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. அவர் சேட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த கிழமை தன்னுடைய இரண்டு சட்டைகளையும் தமக்கையின் பழைய சேலையையும் கொண்டுவந்து போர்வையைத் தைத்து முடித்தார்.

வெட்டு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. மனம் ஆறும் என்று சொல்லி வெட்டவைப்பவர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. அது அந்தத் தாயின் துணி. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உடுப்பைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு: அதை முழுதாக வெட்டிவிட வேண்டாம். சிலி நாட்டில் 1973இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத் துணியில் துண்டுத் துணிகளை வைத்துத் தைத்துத் தங்கள் கதையைப் படமாகச் சொன்னார்கள். சிலர் அதில் தேடப்படுபவரின் உடுப்பிலிருந்தே ஒரு துண்டைச் சேர்த்தார்கள். மனம் கேட்டால் அதுபோல ஓரத்து மடிப்பிலிருந்து ஒரு சிறு துண்டு போதும். சேட் சேட்டாகவே இருக்கும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் மனம் மட்டுமல்ல. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது எலும்புக்கூடுகளோடு உடுப்புகளும் எடுக்கப்பட்டன. ஒரு நீலப் பள்ளிக்கூடப் பையும் பொம்மையும்கூட இருந்தன. நீதிமன்ற உத்தரவின்படி அந்தப் பொருட்கள் ஓகஸ்ட் 5ஆம் திகதி மக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. மண்ணுக்குள் கிடந்து நிறம் மாறிய துணியைப் பார்த்து இது என் பிள்ளையுடையது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை யோசித்துப் பாருங்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே சீத்தையில் சட்டை தைப்பது எங்கள் வழக்கம். தீபாவளிக்கோ வருடப்பிறப்புக்கோ ஒரே துணியில் தகப்பனுக்குச் சேட்டும் மகனுக்குச் சேட்டும் தைத்திருப்போம். அந்தத் தங்கையின் சட்டையோ, தைத்த மிச்சமோ உங்கள் பெட்டிக்குள் இருக்கலாம். துண்டுப் போர்வைக்குத் துணி பொறுக்கும் நேரத்தில்தான் இப்படிப்பட்ட மிச்சங்கள் கையில் வரும். சின்னத் துண்டுதானே என்று வெட்டியோ எறிந்தோ விடுவோம்.

ஆகவே பெட்டியைத் திறக்கும் அன்றைக்கு ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட துணி வந்தால் குறைந்தது உள்ளங்கை அளவையாவது, கரையோடு சேர்த்து, வெட்டாமல் வையுங்கள். எந்த ஆண்டு வாங்கியது, யார் தைத்தது, அதே துணியில் யார் யாருக்குத் தைத்தது, என்ன பொத்தான், என்ன நிற நூல் என்று எழுதுங்கள். பொலித்தீன் பைக்குள் வைக்க வேண்டாம். வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தோய்த்த வெள்ளைத் துணியில் சுற்றி, காய்ந்த இடத்தில் வையுங்கள். கைத்தொலைபேசி உள்ள பிள்ளைகளைக் கொண்டு ஒரு படமும் எடுத்து வைக்கலாம்.

வெட்டுவதும் பொருத்துவதும்

பிஸ்கற் பெட்டி மட்டை ஒன்றில் ஏழு அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டுங்கள். நாலு பக்கமும் ஏழாக இருந்தால் மட்டும் சதுரம் ஆகிவிடாது. மூலையிலிருந்து மூலைக்கு இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக, பத்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரவேண்டும். இந்த ஓர் அட்டை சரியாக இருந்தால் 48 துண்டும் சரியாக வரும். ஸ்திரிக்கை போட்ட துணியில், இழை ஓடும் திசைக்கு நேராக அட்டையை வைத்துப் பென்சிலால் கோடிட்டு வெட்டுங்கள். சிரட்டைக்கரிப் பெட்டியோ மின்சாரப் பெட்டியோ இல்லாவிட்டால், அடி தட்டையான சில்வர் பேணியில் கொதிநீர் விட்டு, பிடியைத் துணியால் சுற்றித் தேயுங்கள். அது போதும்.

இனித் தரையில் பாயை விரித்து, ஒரு வரிசைக்கு 6 துண்டு வீதம் 8 வரிசை அடுக்குங்கள். இதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள் என்பது என் ஆலோசனை. நாங்கள் பெரியவர்கள் சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு வரக்கூடாது என்று அரை நாள் நின்று யோசிப்போம். பிள்ளை அஞ்சு நிமிடத்தில் அடுக்கிவிட்டு, அதில் நின்று நொண்டியும் விளையாடிவிட்டுப் போகும். அடுக்கியதும் ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து, நூலில் கோத்து, 1 முதல் 8 வரை இலக்கம் எழுதிய கடதாசித் துண்டைக் குத்தி வையுங்கள். கோழியோ காற்றோ வந்து கலைத்தாலும் வரிசை தெரியும்.

இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை முகத்துக்கு முகம் வைத்து, ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தைக்க வேண்டும். கைத்தையல் என்றால் நூலோடல். ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை ஒரு பின்தையல் போட்டால் இறுகிக்கொள்ளும். முதலில் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகத் தையுங்கள். பிறகு 1ஆம் வரிசையின் மூட்டுகளை எல்லாம் வலப்பக்கம் சாய்த்தும், 2ஆம் வரிசையின் மூட்டுகளை இடப்பக்கம் சாய்த்தும் மடித்து அழுத்துங்கள். இப்படியே மாறி மாறி எட்டு வரிசைக்கும். வரிசையோடு வரிசையைப் பொருத்தும்போது அந்த மூட்டுகள் ஒன்றோடொன்று கொளுவி நிற்கும். நாலு மூலையும் ஒரு புள்ளியில் சந்திக்கும். மேற்பக்கத்தின் அழகு முழுவதும் இந்த ஒரு வேலையில்தான்.

எவ்வளவு தையல் என்று கேட்பீர்கள். கணக்குப் பார்த்தால் மொத்தம் ஏறத்தாழ 540 அங்குலம், அதாவது 15 யார். மெசினில் ஒரு பின்னேரம். கையால் என்றால், இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு ஒரு மணித்தியாலம் வீதம் ஒரு கிழமை, பத்து நாள்.

உள்ளும் அடியும்

சேலை ஐந்தரை மீற்றர் இருக்கும். அதில் 51 அங்குல நீளத்தில் நாலு துண்டு வெட்டலாம். ஒன்று அடிப்பக்கத்துக்கு, இரண்டு உள்ளுக்கு. கடுங்குளிர் உள்ள இடம் என்றால் நாலாவதையும் உள்ளே வையுங்கள். உள்ளே வைக்கும் துணி கிழிசலாக இருந்தாலும் பரவாயில்லை. தோய்த்துச் சுத்தமாக இருந்தால் போதும். இலவம்பஞ்சு வைக்கலாமா என்று எங்கள் வகுப்பிலும் கேட்டார்கள். தலையணைக்கு அது நல்லது; போர்வைக்கு ஆகாது. முதல் தோய்ப்பிலேயே மூலைக்கு மூலை கட்டிபட்டுவிடும். பிள்ளைப் போர்வை அடிக்கடி தோய்க்க வேண்டிய சாமான்.

தரையில் முதலில் உள்துணிகளை விரியுங்கள். அதன்மேல் அடிப்பக்கத் துணியை அதன் நல்ல பக்கம் மேலே தெரியும்படி விரியுங்கள். அதன்மேல், தைத்த மேற்பக்கத்தை நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். நடுவிலிருந்து வெளியே நீவி, சுற்றிவர குண்டூசி குத்துங்கள். குத்தும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே சுற்றிவரத் தையுங்கள்; ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு அடி அளவு தைக்காமல் விடுங்கள். மிஞ்சிய துணியை வெட்டி, நாலு மூலைகளையும் தையலுக்குக் கிட்டவாகச் சரித்து வெட்டுங்கள். குண்டூசிகளைக் கழற்றி எண்ணுங்கள். முப்பது குத்தினால் முப்பதும் டப்பாவுக்குள் வரவேண்டும். இருபத்தொன்பது வந்தால் அந்த ஒன்றைக் கண்டுபிடிக்காமல் மேலே போக வேண்டாம். பிறகு அந்த ஓர் அடித் திறப்புக்குள் கையை விட்டு, தலையணை உறையைப் புரட்டுவதுபோல் முழுவதையும் புரட்டி வெளியே எடுங்கள். திறப்பைக் கையால் தைத்து மூடுங்கள். ஓரம் கட்டும் வேலை, பட்டி வைக்கும் வேலை ஒன்றும் இல்லை.

உள்துணி நகராமல் இருக்க முடிச்சுப் போட வேண்டும். கரைத்தையல் போடுவதைவிட இது பத்து மடங்கு விரைவு. எம்ப்ரொய்டரி நூலோ கனத்த பருத்தி நூலோ எடுங்கள். நைலோன் நூல் வழுக்கும். நாலு சதுரம் கூடும் ஒவ்வொரு மூலையிலும் ஊசியை மேலிருந்து கீழே விட்டு, கால் அங்குலம் தள்ளி மேலே எடுத்து, அதே இடத்தில் இன்னொருமுறை செய்து, இரண்டு நுனியையும் முடியுங்கள். முதலில் வலது நுனி இடதின்மேல். பிறகு இடது நுனி வலதின்மேல். இரண்டுமுறையும் ஒரே பக்கமாகச் சுற்றினால் முடிச்சு அவிழும். நடுவில் தொடங்கி வெளியே போங்கள். மொத்தம் 35 முடிச்சு. நுனிகளை அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். பொத்தான், மணி, சரிகை ஒன்றும் வேண்டாம். பிள்ளை வாய்க்குள் போடும்.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை நித்திரை கொள்ளும்போது இந்தப் போர்வையால் மூட வேண்டாம். முகத்தை மூடிக்கொண்டால் அதற்குத் தள்ளிவிடத் தெரியாது. பகலில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது பாயின்மேல் விரித்துத் தவழவிடலாம்.

ஆளாளுக்கு ஒரு வேலை

இந்தப் போர்வையை நாலு பேர் சேர்ந்து செய்தால் வேலை பிரிந்துபோகும். எங்கள் வகுப்பில் ஒருவருக்குக் கையில் செல்துண்டு இருக்கிறது. கத்தரிக்கோலை அழுத்த முடியாது. அவர்தான் நிறம் பார்த்துப் பிரிப்பவரும், வரிசைக்கு இலக்கம் போடுபவரும். காலை இழந்த சகோதரி ஒருவர் மிதிமெசினில் கஷ்டப்பட்டார். கைமெசினுக்கு மாறிய பிறகு எங்களைவிட வேகம். கண் மங்கிய ஓர் அம்மா முடிச்சுப் போடுகிறார். மூலை கையில் தட்டுப்படும், கண் தேவையில்லை என்பார்.

விற்கலாமா என்பது அடுத்த கேள்வி. விற்கலாம். ஆனால் அதற்காகக் கடன் எடுத்து மெசின் வாங்க வேண்டாம் என்று சத்தமாகவே சொல்கிறேன். வாசலுக்கு வந்து குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்தவர்கள் பிறகு கிழமைக்குக் கிழமை வந்து நின்றதையும், பெண்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளிந்திருந்ததையும் கண்டவர்கள் நாங்கள். 2018இல் அரசாங்கமே பெண்களின் நுண்கடனுக்கு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அது போனது. முதல் மூன்று போர்வைகளைக் கையால் தைத்து விற்றுப் பாருங்கள். கேட்டு வந்தால், அந்தக் காசில் பழைய மெசின் ஒன்றைப் பார்க்கலாம்.

ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகள் கிலோக் கணக்கில் விற்பனைக்கு வரும். கால்மிதி தைப்பவர்களுக்கு அந்த இடங்கள் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். பாதிக்குமேல் நீளும் துணியாக இருக்கும் என்பதால் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். விலை போடும்போது எத்தனை மணித்தியாலம் இருந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். கூலிவேலைக்குப் போனால் அத்தனை மணித்தியாலத்துக்கு என்ன கிடைக்குமோ அதில் குறைத்து விலை சொல்ல வேண்டாம். துணி பழையது என்று வாங்குபவர் சொல்லலாம், தையல் புதியது. பாதிக்கப்பட்ட பெண் என்று பரிதாபப்பட்டு வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார். மூலை நேராக இருக்கிறது என்று வாங்குபவர் தன் தங்கையின் பிள்ளைக்கும் கேட்டு வருவார். பெட்டிக்குள் இருந்து எடுத்த துணியில் தைத்ததை விற்க வேண்டாம் என்று நான் சொல்லித் தெரியத் தேவையில்லை.

பெரிய பிள்ளைக்கென்றால் ஒரு வரிசைக்கு 7 துண்டு வீதம் 10 வரிசை, மொத்தம் 70 துண்டு. 42 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் வரும். அதற்கு 63 அங்குலப் படி ஒரு சேலையில் மூன்று துண்டுதான் எடுக்கலாம். நீளத்தைக் கூட்டினாலும் அகலம் 45 அங்குலத்துக்குள் நிற்கும் என்பதால் மூட்டுப் போடும் தேவை இல்லை.

தோய்க்கும்போது அடித்துத் தோய்க்க வேண்டாம். சவர்க்கார நீரில் ஊறவிட்டு அமத்திப் பிழியுங்கள். சொறி உள்ள வீடு என்றால் சுடுநீரில் தோயுங்கள். நனைந்தால் பாரம் கூடும். ஒரு கொடியில் தொங்கவிட்டால் நடுவில் இழுபட்டுத் தையல் விடும். இரண்டு கொடிக்கு மேலாகப் பரப்பி, மேற்பக்கத்தை உள்ளே விட்டு, அடிப்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி காயவிடுங்கள். மழைக்காலத்தில் முழுதாகக் காய இரண்டு நாள் எடுக்கும். ஆகவே இயலுமானால் ஒரு பிள்ளைக்கு இரண்டு தைத்து வையுங்கள்.